சேர்வராயன் அடிவாரத்து நீர்வண்ணப் படம்: ஆள் இல்லாத காட்சியை எப்படி வாசிப்பது?

கேள்வி அனுப்பிய சகோதரியின் வீடு அயோத்தியாப்பட்டணம் பக்கம். கூடத்தில் தாத்தா காலத்து நீர்வண்ண ஓவியம் ஒன்று தொங்குகிறது. பின்னால் சேர்வராயன் மலை, நடுவில் ஓட்டு வீடு, அதற்கு இடப்பக்கம் மாடு பூட்டி இறைக்கும் கவலைக் கிணறு, மூன்று பனை, மாடு அவிழ்த்துவிட்ட கட்டை வண்டி. இடது ஓரத்தில் இருட்டாக ஒரு புளியமரம். ஆள் ஒருவரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் “எவ்வளவு அமைதியா இருக்கு” என்கிறார்களாம். இவருக்கு மட்டும் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. “யார் பார்ப்பது சரி? இதற்கு என்ன பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று கேட்டிருக்கிறார். கிட்டத்தில் எடுத்த புகைப்படங்களையும் அனுப்பியிருக்கிறார். நல்ல தெளிவான படங்கள், அதனால் தைரியமாகச் சில விஷயங்களைச் சொல்ல முடிகிறது.

அம்மா, நீங்கள் உணர்கிற கனமும் மற்றவர்கள் உணர்கிற அமைதியும் இரண்டுமே அந்தக் காகிதத்திலிருந்துதான் வருகின்றன. ஆனால் இரு தரப்பும் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் உணர்ச்சிக்குத் தாவிவிட்டீர்கள். நிலக்காட்சியில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நம் சங்கக் கவிதை இதற்கு ஒரு வரிசையே வைத்திருக்கிறது. முதலில் நிலமும் பொழுதும். பிறகு அந்த நிலத்தில் இருக்கும் மரம், மாடு, தொழில், கருவி. இவை இரண்டும் கூடிய பிறகுதான் உரிப்பொருள், அதாவது அந்தக் காட்சிக்கு உரிய உணர்ச்சி. கார்காலத்து மாலை வந்து நின்றால்தான் முல்லையின் காத்திருப்புக்கு இடமே உண்டு. ஓவியம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளிடமும் நான் இந்த வரிசையைத்தான் வற்புறுத்துகிறேன். உங்கள் படத்தையும் அப்படியே பார்ப்போம்.

முதலில் பொழுது. அதைச் சொல்வது நிழல். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை வடக்கே இருக்கிறது. ஆக, ஓவியர் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கிழக்கு அவருடைய வலக்கைப் பக்கம். காலை வெயிலாக இருந்தால் நிழல்கள் படத்தில் இடப்பக்கம் நீளும், சாயங்காலமானால் வலப்பக்கம். உங்கள் படத்தில் பனைகளின் நிழல் எந்தப் பக்கமும் நீளாமல், அடிமரத்திலிருந்து நம்மை விட்டு விலகி மலையைப் பார்த்து ஓடுகிறது, இம்மி அளவு வலப்பக்கம் சாய்ந்து. அப்படியானால் சூரியன் ஓவியருக்கு முதுகுப் பக்கம், தெற்கே நிற்கிறது. உச்சி தாண்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

இது மாதத்தையும் சொல்லிவிடும். சேலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11.6 பாகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரங்களில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும். நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். ஆனி, ஆடியில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துவிடும், நிழல் ஓவியரை நோக்கி வரும். நம்மை விட்டு விலகித் தெளிவாக நீண்ட உச்சி நிழல் என்றால் அது மார்கழி, தை. மார்கழியில் நண்பகலில்கூட நிழல் மரத்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு இருக்கும். மலை முகட்டின் கோடு கத்தியால் வெட்டியதுபோல இருப்பதும் இதற்கு ஒத்துப்போகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கும் நாட்களில்தான் சேர்வராயன் அவ்வளவு கிட்டத்தில் தெரியும். சித்திரை வெயிலில் அதே மலை சாம்பல் பூத்த வெறும் நிழலாக நிற்கும்.

ஆக, பார்ப்பவர்கள் பலரும் நினைப்பதுபோல இது சாயங்கால அமைதி இல்லை. மழைக்காலம் போன பின் ஒரு நடுப்பகல். இதை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கப்போகிறது.

அடுத்து, ஓவியர் எங்கே இருந்தார் என்பது. ஓட்டு வீடு நமக்குக் கொஞ்சம் கோணலாகத் திரும்பியிருக்கிறது இல்லையா? அதன் இறவாரக் கோட்டையும் சுவரடிக் கோட்டையும் ஒரு அளவுகோல் வைத்து நீட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரு புள்ளியில் சேரும். அந்தப் புள்ளியின் உயரம்தான் ஓவியரின் கண்மட்டம். நீங்கள் அனுப்பிய படத்தில் நான் நீட்டிப் பார்த்தேன். கோடு வண்டிச் சக்கரத்தின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே போகிறது. சமதரையில் நிற்கும் எந்தப் பொருளையும் கண்மட்டக் கோடு ஒரே உயரத்தில்தான் வெட்டும். எனவே அவர் நிற்கவில்லை, மேட்டிலிருந்தும் பார்க்கவில்லை. அதே காட்டில், ஒரு முக்காலியிலோ கல்லிலோ உட்கார்ந்திருக்கிறார். பங்களாத் தாழ்வாரத்திலிருந்து ஊரைக் கீழே பார்க்கிற பார்வை இதில் இல்லை. கிணற்று மேட்டில் வேலை செய்கிறவர் சோறு உண்ண உட்கார்ந்தால் அவர் கண் எந்த உயரத்தில் இருக்குமோ, கிட்டத்தட்ட அந்த உயரம்.

இடத்தை இன்னும் நெருக்கமாகக் கண்டுபிடிக்க வேண்டுமானால், மலை முகட்டுக் கோட்டை மட்டும் மெல்லிய தாளில் படியெடுத்துக்கொண்டு குப்பனூர் சாலைப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். மடிப்புகள் ஒன்றையொன்று மறைக்கும் விதம் சில நூறு அடிக்குள் மாறிவிடும். பொருந்துகிற இடம் தெரிந்துவிடும். ஒன்று மட்டும்: உயரம் பொருந்தாது. அங்கே நின்று கையை நீட்டி அளந்தால் மலை ஏறக்குறைய நாலு விரல் அகலம்தான் இருக்கும். படத்தில் அது கிட்டத்தட்டப் பாதிக் காகிதத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. மலையை வரைகிற எல்லாருமே இப்படித்தான் வளர்த்துவிடுகிறோம். பிரான்சில் செசான் திரும்பத் திரும்ப வரைந்த சேன்ட் விக்துவார் மலையும் புகைப்படத்தோடு ஒப்பிட்டால் பல படங்களில் பெரிதாகத்தான் நிற்கிறது. மனசுக்கு மலை அவ்வளவு பெரிது.

இப்போது பொருள்கள். இங்கேதான் நான் நிறைய நேரம் செலவிட்டேன், நீங்களும் செலவிட வேண்டும்.

மலை பெரிதாக இருப்பதால் எல்லாருடைய கண்ணும் அங்கே போகிறது. ஆனால் ஓவியரின் மனம் எங்கே இருந்தது என்பதை, ஒரு பொருள் பிடித்திருக்கும் இடத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குச் செலவான உழைப்பைப் பார்க்க வேண்டும். மலை மொத்தமும் ஒரே ஈரப் பூச்சு. காகிதத்தை நனைத்து, நீலத்தை மேலிருந்து கீழே இறக்கி, ஈரம் காயும் முன் துணியால் ஒற்றி மேகம் எடுத்திருக்கிறார். கை பழகியவருக்குப் பத்து நிமிட வேலை. கிணற்றுப் பக்கம் வாருங்கள். இரண்டு கல்தூண்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பூச்சாவது இருக்கிறது. ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. கடைசியில் தூரிகையைக் கிட்டத்தட்ட உலர்த்திக்கொண்டு தேய்த்து, கல்லின் சொரசொரப்பைக் கொண்டுவந்திருக்கிறார். குறுக்குக் கட்டையில் உருளை இருக்கிறது. உருளையிலிருந்து வடம் இறங்கி, மாடு நடக்கிற சரிவின் மேல் தளர்ந்து கிடக்கிறது. மூன்று பனைக்கும் சேர்த்துச் செய்யாத வேலையை இந்த ஒரு சாண் இடத்தில் செய்திருக்கிறார்.

இளைய வாசகர்களுக்காக: மோட்டார் வருவதற்கு முன் நம் பக்கம் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்தது கவலை. கிணற்றை ஒட்டி ஒரு சரிவு வெட்டியிருப்பார்கள். மாடுகள் சரிவில் இறங்கினால் வடம் இழுபட்டுத் தண்ணீர் மொண்ட பாத்திரமான சால் மேலே வரும். சாலின் அடியில் இருக்கும் தும்பி என்ற தோல் குழாய் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டி வாய்க்காலில் ஓடும். மாடுகள் பின்னால் ஏறி வரும், சால் மறுபடி இறங்கும். விடிவதற்கு முன்பே பூட்டினால் வெயில் ஏறியதும் அவிழ்த்துவிடுவார்கள். இன்றைக்கும் சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய கிணறுகளில் அந்தக் கல்தூண்கள் மட்டும் நிற்பதைப் பார்க்கலாம்.

உங்கள் படத்தில் தூண் மட்டுமில்லை, உருளையும் வடமும் இருக்கின்றன என்பதுதான் விஷயம். கைவிட்ட கிணற்றில் வடத்தை யாரும் விட்டுப்போக மாட்டார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அது வீணாகிவிடும். தொட்டியிலிருந்து வலப்பக்கம் போகும் வாய்க்காலைப் பாருங்கள். சுற்றியிருக்கும் மண் வெளிறிய காவி நிறம். வாய்க்காலின் அடி மட்டும் அடர் பழுப்பு, ஓரம் துல்லியமாக வெட்டி நிற்கிறது. அது நிழல் இல்லை, ஏனென்றால் நிழல் விழும் திசை வேறு. அது ஈரம். உச்சி வெயிலில் வாய்க்கால் மண் இன்னும் ஈரமாக இருக்கிறதென்றால் தண்ணீர் நின்று அதிக நேரம் ஆகவில்லை. வண்டியின் நுகத்தடி தரையில் சாய்ந்திருக்கிறது. பனைகளில் இரண்டின் கொண்டை கழித்துச் சுத்தமாக இருக்கிறது, ஒன்றில்தான் காவோலை தொங்குகிறது. ஆக, மரம் ஏறுகிற கை ஒன்றும் இந்தக் காட்டில் உண்டு.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். இது ஆளற்ற ஊரின் படம் இல்லை. விடிகாலையிலிருந்து இறைத்துவிட்டு, மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு, ஆட்கள் சோற்றுக்கு எழுந்து போயிருக்கிற நேரம். அமைதி உண்மைதான், ஆனால் அது வேலைக்கும் வேலைக்கும் நடுவில் கிடைத்த ஒரு மணி நேரத்து அமைதி.

உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு கிராமத்துப் படம் இதே பொழுதில்தான் நிற்கிறது. ஜான் கான்ஸ்டபிள் 1821இல் லண்டனில் காட்சிக்கு வைத்த பெரிய நிலக்காட்சியை இன்று எல்லாரும் ‘வைக்கோல் வண்டி’ என்றே அறிவார்கள். ஸ்டூர் ஆற்றில் வெறும் வண்டி ஒன்று இறங்கி நிற்கும். இடப்பக்கம் ஒரு வீடு, கரையில் ஒரு நாய். அவர் காட்சிக்கு வைத்தபோது கொடுத்த தலைப்பு ‘நிலக்காட்சி: நண்பகல்’. ஓவியருக்கு வண்டியைவிடப் பொழுது முக்கியமாக இருந்தது. இன்று அது பிஸ்கட் டப்பா வரைக்கும் வந்துவிட்ட அமைதிப் படம். ஆனால் அது வரையப்பட்ட காலத்தில், நெப்போலியன் போர் முடிந்து தானிய விலை விழுந்து, கூலி குறைந்து, அதே கிழக்கு இங்கிலாந்தில் 1816இலும் 1822இலும் விவசாயக் கூலிகள் கலகம் செய்து கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். படத்தில் அந்தச் சத்தம் துளியும் இல்லை. கூலிகள் தூரத்தில், வலப்பக்க வயலில், புள்ளி புள்ளியாக வெயிலில் இருக்கிறார்கள். அவர் பொய் வரைந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆற்றங்கரை அவருடைய அப்பாவின் ஆலைக்குப் பக்கத்து இடம், சிறு வயதிலிருந்து தெரிந்த இடம், அதை லண்டனில் உட்கார்ந்து நினைத்து நினைத்து வரைந்தார். அந்த அமைதிக்குள் அவருடைய ஏக்கமும் இருக்கிறது, அவர் பார்க்காமல் விட்டதும் இருக்கிறது.

மாறாக, பிரான்சில் மிலே 1857இல் கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை வரைந்தார். அதுவும் சத்தமில்லாத படம்தான். ஆனால் குனிந்த பெண்களை முன்னால் பெரிதாகக் கொண்டுவந்து, அறுவடைப் போர்களையும் குதிரையில் அமர்ந்த மேற்பார்வையாளரையும் தூரத்தில் சின்னதாக வைத்தார். அவ்வளவுதான் செய்தார். அதற்கே அன்றைய பாரிஸ் கொதித்தது. நம் பக்கம் கடலைக்காட்டில் செடி பிடுங்கி முடிந்த பிறகு மிஞ்சிய காயைப் பொறுக்குகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படத்தில் யார் யாருக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்பது சட்டென்று விளங்கும்.

உங்கள் படத்தின் இடது ஓரத்துப் புளியமரத்தைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. ‘இருட்டு’, ‘மரணம்’ என்றெல்லாம் அதற்குப் பொருள் சொல்ல ஆசை வரும். வேண்டாம். அது ஒரு பழக்கம். ஒரு பக்கம் இருட்டான மரம், நடுவில் வெளிச்சம், தூரத்தில் நீல மலை என்ற இந்த அமைப்பை 17ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த குளோட் லொரேன் நிலைப்படுத்தினார். அதன் பிறகு இருநூறு வருஷம் ஐரோப்பாவில் நிலக்காட்சி வரைந்தவர்கள் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குள்தான் வரைந்தார்கள்.

அது நம் பக்கம் வந்த வழியும் தெரிந்துகொள்ள வேண்டியது. தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தான் மகன் வில்லியமும் 1792இல் சென்னையிலிருந்து தெற்கே பயணம் போனபோது பாராமகால் வழியாக வந்தார்கள். இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம். பழைய சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த பகுதி. இராயக்கோட்டை போன்ற மலைக்கோட்டைகளை வரைந்தார்கள், பிறகு லண்டனில் செப்புத் தகட்டு அச்சுகளாக வெளியிட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் காற்றுகூட அசையாத மாதிரி இருக்கும். முன்னால் நிழல், நடுவில் வெயில், பின்னால் கோட்டை உட்கார்ந்த குன்று. ஆனால் அதே வருஷம் மார்ச்சில்தான் திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு முடிந்தது; சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் இந்த நிலத்தை அளந்து வரி போட ஆரம்பித்தார்கள்; பின்னாளில் மாகாணம் முழுக்கப் பரவிய, விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடி போட்டார்கள். ஒரே காலத்தில் ஒரு பக்கம் பென்சில், ஒரு பக்கம் அளவுச் சங்கிலி. எனக்கு அந்த அச்சுப் படங்கள் மிகவும் பிடிக்கும், மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்த நிசப்தம் போர் முடிந்த ஊரின் நிசப்தம் என்று தெரிந்த பிறகு, குன்றின் மேல் சின்னதாகத் தெரியும் கோட்டைச் சுவரை முன்னைப் போல அழகுப் பொருளாக மட்டும் பார்க்க முடியவில்லை.

1850இல் சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி, பிறகு பள்ளிக்கூடங்களின் டிராயிங் வாத்தியார்கள், லோயர், ஹையர் ஓவியத் தேர்வுகள் என்று குளோட் போட்ட அந்தச் சட்டம் நம் ஊர் கைகளுக்கும் பழகிவிட்டது. உங்கள் படத்தை வரைந்தவர் அப்படிக் கற்றவர் என்றுதான் கை சொல்கிறது. புளியமரம் அந்த இடத்தில் உண்மையிலேயே இருந்திருக்கலாம், படத்துக்காக நட்டும் இருக்கலாம். ஆகவே படத்தை வாசிக்கும்போது பழக்கத்தில் வந்ததைத் தனியே ஒதுக்குங்கள், பழக்கத்தை மீறி வந்தது எது என்று தேடுங்கள். இருட்டு மரம் பழக்கம். மலை நீலம் பழக்கம். நடுவில் ஓட்டு வீடு, அதுவும் பழக்கம். ஈரமான வாய்க்காலையும் தளர்ந்து கிடக்கும் வடத்தையும் எந்த வாத்தியாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவற்றை அவர் கண்ணால் பார்த்து எடுத்திருக்கிறார்.

ஆள் இல்லாததும் அப்படி அவர் எடுத்த முடிவுதான். கிராமத்தில் போய் வரைந்தவர்களுக்குத் தெரியும், முக்காலியைப் போட்டுப் பலகையை மடியில் வைத்தால் கால் மணி நேரத்தில் தோளுக்குப் பின்னால் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். கன்னங்குறிச்சி ஏரிக்கரையில் என் மாணவர்கள் உட்கார்ந்தால் இன்றைக்கும் அதுதான் நடக்கிறது. “எங்க ஊட்டையும் போடுங்க”, “அந்த மாட்டைப் போடுங்கண்ணா” என்று ஒரே சத்தம். உங்கள் ஓவியரைச் சுற்றியும் அப்படித்தான் இருந்திருக்கும். இத்தனை சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து ஆளே இல்லாத காட்சியை வரைந்திருக்கிறார் என்றால், ஆட்களை எழுத மறக்கவில்லை, வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். அவர்களுடைய உழைப்பை மட்டும் வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுங்கள். மேலே சொன்னதையே நான் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கலாம், அதற்குக் காரணம் உங்கள் மனக் கனம்.

சட்டத்துக்குள் படத்தின் ஓரங்களை மூடி வைத்திருக்கும் மவுண்ட் அட்டை நழுவி, இடது ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெளியே தெரிகிறது. அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இவ்வளவு காலம் அட்டைக்கு அடியில் வெளிச்சம் படாமல் இருந்த அந்தப் பட்டையில் மலையின் நிறம் வேறு. அங்கே அது ஊதா கலந்த, கொஞ்சம் வெதுவெதுப்பான நிறம். வெளியே தெரிந்த பகுதியில் வெறும் குளிர் நீலம். ஓவியர் மலைக்கு நீலத்தோடு ஒரு சிவப்பைக் கலந்திருக்கிறார், அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் போய்விட்டது. நீர்வண்ணத்தில் இது அடிக்கடி நடப்பது. பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன், 1868இல் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்ட அலிசரின் ஆகிய சிவப்புகள் மெல்லிய பூச்சாக இருந்தால் வெயிலில் மங்கிவிடும். மண்ணிலிருந்து எடுத்த காவிகளும் செங்காவிகளும் மங்காது. அதனால்தான் உங்கள் படத்தில் ஓடும் மண்ணும் அப்படியே இருக்க, மலையும் வானமும் மட்டும் குளிர்ந்துவிட்டன. உங்களைத் தொட்ட சோகத்தில் ஒரு பங்கு ஓவியர் வைத்தது இல்லை. கூடத்து ஜன்னல் இத்தனை வருஷமாக வைத்தது. அதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள், மற்றவர்கள் கவனிக்கவில்லை. உங்கள் கண்ணை நான் பாராட்டத்தான் வேண்டும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கிணற்றுத் தொட்டிக்குப் பக்கத்தில் வெளிறிய ஒரு திட்டு தெரிகிறது, நீளவாக்கில், ஒரு முழ உயரப் பொருளைப் போல. சுற்றிலும் மண் நிறம் பூசியவர் அந்த இடத்தை மட்டும் சுற்றி வளைத்து விட்டிருக்கிறார். காகித வெள்ளையை விட்டுவைப்பது வெளிச்சத்துக்காக இருக்கலாம். ஆனால் அங்கே வெளிச்சம் விழ ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஒரு நல்ல பூதக்கண்ணாடியை எடுத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, அந்தத் திட்டுக்குள் பென்சில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். வண்ணம் போனாலும் பென்சில் போகாது. குனிந்த முதுகோ, குடமோ, முந்தானை வளைவோ தெரிந்தால், அங்கே சிவப்புச் சேலையில் ஒரு பெண் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார் என்று பொருள். அப்போது நான் மேலே சொன்ன ‘ஆள் வேண்டாம் என்ற முடிவு’ விழுந்துவிடும். படத்தின் கதையே மாறும். கோடு இல்லையென்றால் என் வாசிப்பு நிற்கும். இரண்டில் எது என்று புகைப்படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

ஒரு வாசிப்பு நல்லதா இல்லையா என்று பார்க்க எனக்கு ஒரே அளவுகோல்தான். படத்தில் எல்லாவற்றோடும் ஒத்துப்போகிற பொருள்களை யாரும் விளக்கிவிடலாம். ஒத்துப்போகாமல் நிற்கிற பொருளை எந்த வாசிப்பு விளக்குகிறதோ அதற்குத்தான் மதிப்பு. ‘பனை என்றால் தனிமை, பாதை என்றால் வாழ்க்கை, மலை என்றால் இறைவன்’ என்று பட்டியல் போட்டுச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியல் எல்லாப் படத்துக்கும் பொருந்தும், அதனாலேயே எந்தப் படத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது. ஈர வாய்க்காலை அது விளக்காது. ‘அமைதி’ என்ற சொல்லும் விளக்காது. ‘யாரோ விட்டுப்போன வீடு’ என்கிற உங்கள் சோகமும் அதை விளக்காது. ‘நண்பகல் ஓய்வு’ விளக்குகிறது. அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த அமைதி யாருடையது என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருக்கலாம். கவலை ஓட்டியவர் அந்தக் காலத்தில் பெரும்பாலும் பண்ணையாள். அவருக்கு இந்த ஒரு மணி நேரம் என்னவாக இருந்திருக்கும்? ஓவியர் வீட்டுக் கதவுக்கு ஒரு பழுப்புப் பூச்சோடு நிறுத்திவிட்டு, கிணற்றுக் கல்லுக்குத் தன் முழுக் கவனத்தையும் கொடுத்திருக்கிறார். அவர் யார் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு எனக்கு அது போதும்.

காலத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீட்டுக் கூரையில் ஓடுகள் சின்னச் சின்னத் தூரிகைப் புள்ளிகளாக, ஒழுங்கில்லாமல் இருக்கின்றன. அது நாட்டு ஓடு. சீமை ஓடாக இருந்தால் நேர்கோடுகளாக இழுத்திருப்பார். மின்கம்பம் இல்லை, வண்டிக்கு டயர் இல்லை, மரவள்ளிக் காடும் இல்லை. 1940களில் ஜவ்வரிசித் தொழில் வந்த பிறகு இந்தப் பக்கம் மரவள்ளி பெருகியது. இவை எல்லாம் சேர்ந்து பழைய காலத்தைக் காட்டினாலும், ஒன்று இல்லாததை வைத்து வருஷத்தைக் குறிக்கக் கூடாது. காகிதத்தை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், காகிதம் செய்தவர் அதற்குள்ளேயே பதித்த நீர்க்குறி தெரியக்கூடும். வாட்மன் போன்ற பழைய ஆங்கிலக் காகிதங்களில் பெயரோடு வருஷமும் இருப்பதுண்டு. இருந்தால் படம் அந்த வருஷத்துக்கு முந்தியது இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

எடுக்கும்போது கவனம். பின்பக்க ஆணிகளை நிமிர்த்தி, அட்டையைத் தூக்கி, காகிதம் எங்கேயாவது ஒட்டியிருந்தால் இழுக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். தண்ணீர் படக் கூடாது. துணியால் துடைக்கவும் கூடாது. மரக்கூழ் அட்டை மவுண்டாக இருந்தால் அதன் அமிலம்தான் காகித ஓரத்தைப் பழுப்பாக்கும், அமிலமில்லாத அட்டைக்கு மாற்றச் சொல்லுங்கள். பின்பக்கம் பென்சிலில் ஏதாவது எழுதியிருந்தால் அழியாமல் படமெடுத்து அனுப்புங்கள். போன நிறத்தைத் திரும்பப் பூசித் தருகிறேன் என்று யார் வந்தாலும் சம்மதிக்காதீர்கள். அந்த வெளிறிய திட்டின் மேல் ஒரு சொட்டு வண்ணம் விழுந்தால் அங்கே என்ன இருந்தது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மறுபடி மாட்டும்போது ஜன்னலுக்கு எதிர்ச் சுவரை விட்டுவிட்டு, ஜன்னல் இருக்கும் சுவரிலேயே மாட்டுங்கள். அங்கேதான் வெயில் நேராக விழாது.